நாற்பத்தொன்றாவது பந்து

உங்கள் விசாரணைக்குழுவின் அறிக்கையை இரண்டு முறை படித்தேன், மேடம். எழுத்துப்பிழை ஒன்றுகூட இல்லை. இந்தக் கல்லூரியிலிருந்து வெளியே வரும் காகிதங்களில் அது அபூர்வம். விளையாட்டுத் துறையின் அறிவிப்புப் பலகையை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அங்கே ஒரு வாக்கியம் கம்பீரமாகத் தொடங்கும், நடுவழியில் வினைச்சொல்லைத் தொலைத்துவிட்டு முழித்துக்கொண்டு நிற்கும்.

பொருட்பிழை மட்டும் ஒன்று இருக்கிறது. மூன்றாம் பக்கம், இரண்டாவது பத்தி. அதைச் சொல்லிவிட்டுப் போகலாம் என்று வந்தேன். விசாரணை முடிந்து கோப்பைக் கட்டியாகிவிட்டது என்று வெளியே உங்கள் எழுத்தர் சொன்னார். கட்டியது நாடாதானே, அவிழ்த்துக்கொள்ளலாம் என்றேன். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உள்ளே அனுப்பினார். நீங்கள் ஒலிப்பதிவு செய்துகொள்ளலாம். நான் நிதானமாகவே பேசுவேன், கேட்டு எழுதுபவருக்குச் சிரமம் இருக்காது.

அந்தப் பத்தி இப்படிப் போகிறது. பந்து அடித்துக் கொடுக்கும் ஊழியருக்குக் கை தவறியதால், வலையருகே நின்றிருந்த மாணவியின் இடது கண்ணில் பந்து பட்டது. ஊழியரின் வயதும், காலை வெயில் அவர் முகத்துக்கு நேராக இருந்ததும் காரணமாகலாம். இது விபத்து. எவர் மீதும் குற்றம் இல்லை.

எனக்கு வயது நாற்பத்து மூன்று. அன்றைக்கு மேகமூட்டம். இந்த இரண்டையும் நான் பெரிதுபடுத்தவில்லை. ஐந்து பேர் உட்கார்ந்து எழுதும் அறிக்கையில் ஐந்து பேருடைய அலட்சியமும் கொஞ்சம் கொஞ்சம் இருக்கத்தான் செய்யும். அவளுடைய இடது கண்ணில் இனி வெளிச்சமும் நிழலும் மட்டும்தான் தெரியும் என்று எழுதியிருக்கிறீர்கள். அது சரி. போட்டிகளில் இனி ஆட முடியாது என்று மருத்துவர் சொன்னதை எழுதியிருக்கிறீர்கள். அதுவும் சரி. 'கை தவறியதால்' என்ற இரண்டு சொற்கள்தான் தவறு. அதை விளக்க வேண்டுமானால் கொஞ்சம் பின்னாலிருந்து வர வேண்டும்.

என் வேலை என்ன என்பதே உங்கள் குழுவில் யாருக்கும் சரியாகத் தெரியவில்லை. ஒருவர் கடைசி நாள்வரை என்னைப் பந்து பொறுக்குபவர் என்றே நினைத்துக்கொண்டிருந்தார். டென்னிஸ் ஆடுகிறவர்களுக்குப் பயிற்சிக்கு எதிர்ப்பக்கம் ஓர் ஆள் வேண்டும். ஜெயிக்க வராத ஆள். எங்கே கேட்கிறார்களோ அங்கே, எந்த வேகத்தில் கேட்கிறார்களோ அந்த வேகத்தில், ஆயிரம் பந்து என்றால் ஆயிரத்தையும் ஒன்றுபோல அடித்துக் கொடுக்க வேண்டும். பதினெட்டு வருடமாக அதைச் செய்கிறேன். மைதானத்தின் அந்தக் கோடியில் ஒரு தண்ணீர்ப் போத்தலை நிறுத்தி வைத்தால், இந்தக் கோடியிலிருந்து அடித்துப் பத்துக்கு எட்டு முறை சாய்த்துவிடுவேன். பாக்கி இரண்டு முறை போத்தல் ஆடிவிட்டு நிற்கும்.

பயிற்சியாளர் என்று ஒருவர் இருக்கிறார். மாணவர்கள் அவரை விசில் என்பார்கள். கழுத்தில் தொங்குவதை வைத்து அல்ல, அவரிடம் அதைத் தவிர வேறொன்றும் இல்லை என்பதால். இருபத்திரண்டு வருடத்துக்கு முன்னால் நான் இந்தக் கல்லூரிக்கு ஆடினேன், அவர் வேறொரு கல்லூரிக்கு ஆடினார். இறுதிப் போட்டியின் கடைசிப் புள்ளியில், வலையருகே என் முகத்துக்கு நேராக ஒரு பந்து வந்தது. கைக்கு அடக்கமான பந்து. மட்டையை நீட்டினால் போதும். நான் கண்ணை மூடிக்கொண்டேன். மூடினேன் என்பதுகூடச் சரியில்லை, அதுவாக மூடிக்கொண்டது. பந்து வலையில் விழுந்தது. அவர் கோப்பையைத் தூக்கினார், நாலு வருடம் கழித்து இங்கேயே வந்து விசிலைத் தூக்கினார். அதே வருடம் எனக்கும் இங்கே வேலை கிடைத்தது, அவருக்குக் கீழே.

இதை நான் மனத்தாங்கலாகச் சொல்லவில்லை. கண் இமையைப் பற்றி எனக்கு எப்படித் தெரியும் என்று நீங்கள் கேட்கக்கூடும், அதற்காகச் சொல்கிறேன். கையைப் பழக்கலாம், காலைப் பழக்கலாம். இமையை மட்டும் உடம்பு யாரிடமும் ஒப்படைப்பதில்லை. முகத்தை நோக்கி ஒரு பொருள் வந்தால் கேட்காமல் கொள்ளாமல் மூடிவிடும், கழுத்தும் கூடவே திரும்பிவிடும். பெரிய பெரிய ஆட்டக்காரர்களுக்கும் அப்படித்தான். அதனால் யாரும் அதைப் பயிற்சியில் சேர்ப்பதே இல்லை.

அவள் முதல் வருடம் வந்தபோது அணியில் எட்டாவது ஆள். எட்டாவது ஆள் என்றால் மற்றவர்களின் பைகளைப் பார்த்துக்கொள்பவள் என்று அர்த்தம். கால் வேகமாக இருந்தது, முன்கை அடியில் ஒரு கனம் இருந்தது. வலைக்கு அருகே வந்தால் போச்சு. பந்து வருவதற்கு முன்பே கண் சிமிட்டும், ஒரு முறை அல்ல, படபடவென்று. அணியில் அவளுக்குச் சிமிட்டி என்று பெயர் வைத்துவிட்டார்கள். அவளும் அந்தப் பெயருக்குச் சிரித்துக்கொண்டே திரும்பிப் பார்ப்பாள், அந்த வயதில் எல்லாரும் செய்கிற காரியம். விசில் அவளைக் கூப்பிட்டு, பயப்படாதே என்று சொன்னார். மூன்று தடவை சொன்னார். அதுதான் அவருடைய பயிற்சி.

ஒருநாள் காலையில் அவள் என்னிடம் வந்து நின்றாள்.

"அண்ணா, எனக்குப் பயமே இல்ல. ஆனா கண்ணு என் பேச்சைக் கேக்க மாட்டேங்குது. ஏதாச்சும் பண்ண முடியுமா?"

பதினெட்டு வருடத்தில் என்னிடம் கேள்வி கேட்ட முதல் ஆள் அவள். மற்றவர்கள் எல்லாரும் 'இன்னும் கொஞ்சம் உயரமா', 'இன்னும் கொஞ்சம் மெதுவா' என்பார்கள். குழாயைத் திருகுவது போல.

அறுபது பழைய பந்துகளை எடுத்து ஒவ்வொன்றிலும் நான்கு பக்கமும் பேனாவால் புள்ளி வைத்தேன். சிலவற்றில் சிவப்பு, சிலவற்றில் நீலம், சிலவற்றில் பச்சை. மைதானத்தைச் சுற்றியிருக்கும் கம்பிவலைக்குப் பின்னால் அவளை நிறுத்தினேன், மூக்குக்கும் கம்பிக்கும் ஒரு சாண் இடைவெளி. கை இரண்டும் முதுகுக்குப் பின்னால். நான் இந்தப் பக்கமிருந்து அவள் முகத்துக்கு நேராகக் கம்பியில் அடிப்பேன். பந்து கம்பியில் படுவதற்குள் புள்ளியின் நிறத்தைச் சொல்ல வேண்டும். கண்ணை மூடினால் நிறம் தெரியாது. முதல் நாள் இருநூறு பந்து, இருநூறும் சிமிட்டினாள். தலைவலி வந்து உட்கார்ந்துவிட்டாள். மறுநாளும் வந்தாள்.

நான்கு மாதம் ஆயிற்று. நான்காவது மாதக் கடைசியில் ஐம்பது பந்துக்கு ஐம்பது நிறம் சொன்னாள். பிறகு கம்பிவலையை விட்டு வெளியே கொண்டுவந்து, ஸ்பாஞ்ச் பந்தை நெற்றியில் அடித்தேன். அதன்பிறகு மைதானத்துக்குள். அவள் வலையருகே கையைக் கட்டிக்கொண்டு நிற்பாள், நான் எட்டுத் தப்படி தள்ளி நின்று நிஜப் பந்தை அவள் இடது காதோரமாக அடிப்பேன். காது மடலில் காற்று படும், பந்து படாது. சிவப்பு, பச்சை, நீலம், நீலம் என்று அவள் சொல்லிக்கொண்டே இருப்பாள். இரண்டு வருடத்துக்கு மேல். ஒரு முறைகூட ஒரு பந்துகூட அவள் மேல் பட்டதில்லை. அணியில் வேறொரு பெண், உனக்குப் பயமாக இல்லையா என்று கேட்டபோது அவள் சொன்ன பதில் எனக்கு அப்படியே நினைவிருக்கிறது.

"அண்ணா அடிக்கும்போது நான் நகர்ந்தாத்தான் படும்."

அவளுடைய வெற்றிகளை உங்கள் அறிக்கை ஒரு பக்கத்துக்குப் பட்டியல் போட்டிருக்கிறது. இரண்டாம் வருடத் தொடக்கத்தில் அணியின் முதல் ஆள். தொடர்ந்து அறுபத்தொரு ஆட்டம் தோல்வியே இல்லை. பல்கலைக்கழகங்களுக்கு இடையேயான கோப்பை இரண்டு முறை. மூன்றாம் வருடம் அணித்தலைவி. நுழைவாயிலில் அவள் முகத்தை ஆள் உயரத்துக்கு அச்சடித்து மாட்டினார்கள். எதிராளிகள் கடைசி முயற்சியாக அவள் முகத்தை நோக்கி அடிப்பார்கள், அவள் பூப்பறிப்பது போலப் பறித்துக் காலியிடத்தில் வைத்துவிடுவாள். அஞ்சாத நெஞ்சம் என்று பத்திரிகைகள் எழுதின. நெஞ்சமாம். பார்வையாளர் வரிசையில் கைதட்டிக்கொண்டிருந்த அத்தனை பேரும் ஓர் இமையைப் பார்த்துத்தான் கைதட்டினார்கள், ஒருவருக்கும் அது தெரியவில்லை. விசில் மேடையேறி, மனவலிமையை வளர்ப்பது எப்படி என்று பேசினார். நான் பின்வரிசையில் உட்கார்ந்து கேட்டேன். வளர்ப்பது என்ற இடத்தில் மார்பைத் தொட்டுக்கொண்டார்.

எனக்குச் சிரிப்புதான் வந்தது, மேடம். பொறாமை என்று நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டாம். பொறாமைப்பட அவர்களிடம் ஏதாவது இருக்க வேண்டும்.

இனி நான் சொல்வதைத்தான் கவனமாகப் பதிவு செய்ய வேண்டும். மூன்றாம் வருடத்தில் ஏதோ ஒரு காலை, காதோரம் நாற்பது ஐம்பது பந்து போன பிறகு, எனக்கு ஒன்று உறைத்தது. என் மட்டையை விரல் நுனியளவு திருப்பினால் அவள் அப்படியே நிற்பாள். முகத்தைத் திருப்ப மாட்டாள், கையைத் தூக்க மாட்டாள், கண்ணை மூட மாட்டாள். பிறந்ததிலிருந்து அவளைக் காத்துக்கொண்டிருந்த ஒன்றை நான் கழற்றி வாங்கி வைத்துக்கொண்டிருக்கிறேன், அது என்னிடம் இருக்கிறது என்பது அவளுக்கே தெரியாது. அந்த எண்ணம் வந்ததும் நான் பதறவில்லை. பதறாததை நினைத்துக் கொஞ்சம் ஆச்சரியப்பட்டேன், அவ்வளவுதான். அன்றைக்கும் மீதிப் பந்துகளைச் சரியாகவே அடித்து முடித்தேன். அதன்பிறகு ஒரு வருடத்துக்கு மேல் தினமும் சரியாகவே அடித்தேன். யாராவது அதைக் கணக்கில் எடுத்துக்கொள்வார்களா என்றால் மாட்டார்கள்.

நான்காம் வருடம் வெளிநாட்டுப் பயிற்சி நிலையம் ஒன்றிலிருந்து அவளுக்கு அழைப்பு வந்தது. தொழில்முறை ஆட்டக்காரர்களை உருவாக்கும் இடம். கல்லூரி முழுக்க ஒரே கொண்டாட்டம். அவளுடைய அம்மா வேலை செய்யும் இடத்திலிருந்து நேராக வந்திருந்தார், வெள்ளைக் கோட்டைக்கூடக் கழற்றவில்லை. அவர் ஆய்வுக்கூடத்தில் இரத்தம் எடுப்பவர். மகளைக் கட்டிக்கொண்டு அழுதார். விசிலுக்கு நன்றி சொன்னார், முதல்வருக்கு நன்றி சொன்னார், என்னைப் பார்த்தும் தலையாட்டினார். மரியாதை தெரிந்தவர்.

அடுத்த வாரம் சிமிட்டி ஒரு கைப்பேசியும் தாங்கியுமாக வந்தாள். அங்கே இருப்பவர்கள் அவளுடைய பயிற்சி முறையைப் படம் பிடித்து அனுப்பச் சொல்லியிருக்கிறார்களாம். அங்கே அவளுக்கென்று ஒருவரை நியமித்திருக்கிறார்கள், அவர் பார்த்துக் கற்றுக்கொள்ள வசதியாக இருக்குமாம். நாளைக் காலை எடுத்துவிடலாமா என்று கேட்டாள். எடுக்கலாம் என்றேன். ஒத்திகைக்காகக் கைப்பேசியை நிறுத்தி, அதைப் பார்த்துப் பேசிக் காட்டினாள்.

"இவர் எங்க காலேஜ்ல பந்து அடிச்சுக் குடுக்கற அண்ணா. இவர் அடிக்கிற மாதிரியே அடிச்சாப் போதும்."

போதும். அந்தச் சொல்லைத்தான் சொன்னாள். சொல்லிவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்து, சரியா இருக்கா அண்ணா என்றாள். சரியாக இருக்கிறது என்றேன். கோபம் வந்ததா என்று கேட்பீர்கள். வரவில்லை. குழந்தைகளிடம் யாராவது கோபப்படுவார்களா? நான் யோசித்தது வேறு. அந்த ஆள் யாரோ, படத்தைப் பார்த்துவிட்டு அடிப்பார். இரண்டு விரல்கடை உள்ளே வரும், ஒன்று தோளில் படும், இவள் மறுபடி சிமிட்டத் தொடங்குவாள். ஆறு மாதத்தில் அத்தனையும் குட்டிச்சுவராகிவிடும். பாதி வேலையில் கை மாறிய எதுவும் உருப்பட்டதில்லை. ஊர் பெயர் தெரியாத ஏதோ ஒரு மைதானத்தில், முதல் சுற்றில், எவளோ ஒருத்தியிடம் கண்ணை மூடிக்கொண்டு தோற்கப் போகிறாள். அறுபத்தொரு ஆட்டத்துக்கும் அப்போது அர்த்தம் இருக்காது. உச்சத்தில் இருக்கும்போதே நிறுத்திவிடுவது அவளுக்கும் நல்லது என்று தோன்றியது. நான் செய்த ஒன்றை எங்கே நிறுத்துவது என்று முடிவு செய்ய என்னைவிட உரிமையுள்ளவர் யார் என்று நீங்களே சொல்லுங்கள்.

மறுநாள் காலை பந்து அறையில் ஒரு புது டப்பாவைத் திறந்தேன். ஒரு டப்பாவில் மூன்று பந்து இருக்கும். இரண்டை அலமாரியில் வைத்தேன், இன்னும் அங்கேயேதான் இருக்கின்றன, ஆள் அனுப்பினால் எடுத்துக்கொள்ளலாம். ஒன்றைக் கூடையில் பழைய பந்துகளோடு போட்டேன். பழைய பந்து தொளதொளவென்று இருக்கும், புதுப் பந்து கல் மாதிரி. டென்னிஸ் பந்து பெரியது, கண்குழிக்குள் முழுதாகப் போகாது, எலும்பு தடுத்துவிடும். இமை மூடியிருந்து முகம் கொஞ்சம் திரும்பியும் இருந்தால் கன்னம் வீங்கும், ஒரு வாரத்தில் சரியாகிவிடும். இதையெல்லாம் நான் யோசிக்காமல் இல்லை.

அந்தப் படத்தை உங்கள் குழு இருபது தடவை பார்த்ததாக எழுதியிருக்கிறீர்கள். எதைப் பார்த்தீர்கள் என்று எனக்குப் புரியவில்லை. கைப்பேசி என் முதுகுக்குப் பின்னால் இருந்தது, என் கால்கள் தெளிவாகத் தெரிகின்றன. நாற்பது பந்து அவள் இடது காதோரம் போகிறது. நாற்பதுக்கும் என் இடது பாதம் ஒரே இடத்தில் இருக்கிறது. நாற்பத்தொன்றாவதற்கு முன்னால் பாதம் நான்கு விரல்கடை இடப்பக்கம் நகர்கிறது. நான்காவது நிமிடம், பதினோராவது விநாடி. கை தவறுகிறவன் காலை ஏன் நகர்த்த வேண்டும்? ஐந்து பேரில் ஒருவருக்குக்கூட இது தோன்றவில்லையா?

இன்னொன்று. அந்த இடத்தில் மாணவி தெளிவில்லாமல் ஏதோ சொல்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். தெளிவாகத்தான் சொல்கிறாள். சிவப்பு, நீலம், சிவப்பு என்று சொல்லிக்கொண்டே வந்தவள், அந்தப் பந்துக்கு 'புள்ளி' என்கிறாள். புள்ளி இல்லை என்று சொல்ல வந்தாள், முடிப்பதற்குள் பந்து போய்விட்டது. புதுப் பந்தில் நான் புள்ளி வைக்கவில்லை. இல்லாத புள்ளியைத் தேடும் கண் இருக்கிறதே, அது சாதாரணமாகத் திறந்திருக்கும் கண்ணைவிட இன்னும் அகலமாகத் திறந்திருக்கும். அதற்காகத்தான் வைக்கவில்லை. கை தவறியதாம்.

நான் மட்டையைப் போட்டுவிட்டு ஓடினேன் என்பதை நீங்கள் எனக்குச் சாதகமாக எழுதியிருக்கிறீர்கள். ஓடியது நடிப்பில்லை. எங்கே பட்டது என்று பார்க்க ஓடினேன். புருவ எலும்புக்கும் கன்ன எலும்புக்கும் நடுவில், சரியாக. அவள் கத்தவில்லை. முழங்காலிட்டு, கையை இன்னும் முதுகுக்குப் பின்னாலேயே வைத்துக்கொண்டிருந்தாள். கேட்டாள்.

"அண்ணா, நான் நகந்துட்டேனா?"

"இல்லம்மா. நீ நகரல."

நான் அவளிடம் பொய் சொல்லவில்லை என்பதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும்.

மருத்துவமனையில் மூன்று நாள் இருந்தேன். அறுவை சிகிச்சை இரண்டு செய்தார்கள். கல்லூரி ஆட்கள் பழங்களோடு வந்து, பழங்களோடு படம் எடுத்துக்கொண்டு போனார்கள். வெளிநாட்டு நிலையத்திலிருந்து இரண்டு வரியில் ஒரு கடிதம் வந்தது, முதல் வரி வருத்தம், இரண்டாவது வரி அழைப்பு ரத்து. விசில் ஒரு வாரத்துக்குள் அணியின் இரண்டாவது ஆளை முதல் ஆளாக்கிவிட்டு, நுழைவாயிலில் இருந்த முகத்தை இறக்கச் சொன்னார். ஆணி அடித்த துளைகள் இன்னும் தெரிகின்றன. இவர்கள்தான் அவளை வளர்த்தவர்கள்.

மூன்றாம் நாள் மருத்துவமனை நடைபாதையில் அவளுடைய அம்மா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். நான் எழுந்தேன், உட்காரச் சொன்னார். என் வலது கையை எடுத்துத் தன் இரண்டு கைக்குள் வைத்துக்கொண்டார்.

"நீங்க மனசுல எதுவும் வெச்சுக்காதீங்க தம்பி. இருபது வருஷமா ஊசி போடறேன், நானே எத்தனையோ தடவை நரம்பு தப்பிக் குத்தியிருக்கேன். கைன்னா தவறத்தான் செய்யும்."

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அவமானம் என்பதைத் தவிர அதற்கு வேறு சொல் இல்லை. அந்த அம்மா நல்லவர், அதில் சந்தேகமில்லை. ஆனால் தினம் நாலு பேருக்கு நரம்பு தவறவிடும் ஒருவர் தன் கையையும் என் கையையும் சேர்த்து வைத்துப் பேசியதை நான் கேட்டுக்கொண்டிருக்க வேண்டியதாயிற்று. அப்போதே சொல்லியிருப்பேன். விசாரணைக்குழு வருகிறது, படித்தவர்கள், படத்தைப் பார்த்தால் அவர்களுக்கே தெரிந்துவிடும் என்று பொறுத்திருந்தேன். உங்களைப் பற்றி எனக்கு நல்ல அபிப்பிராயம் இருந்தது.

அறிக்கை வெளியாகிப் பதினைந்து நாள் ஆகிறது. வெளியான மூன்றாம் நாள் காலை, நான் பந்து அறையைத் திறந்துகொண்டிருக்கும்போது சிமிட்டி வந்தாள். கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தாள். அவள் வந்தது மருத்துவருக்குத் தெரியாது, அம்மாவுக்கும் தெரியாது. ஒற்றைக் கண்ணால் தூரம் கணிக்க முடியவில்லை, படி இறங்கும்போதுகூடத் தடுமாறுகிறது, ஆனாலும் ஆட வேண்டும் என்றாள். போட்டியில் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, பந்து வருவதைப் பார்க்க வேண்டும் என்றாள். வலது கண் மறுபடி சிமிட்ட ஆரம்பித்துவிட்டதாம்.

"மறுபடியும் கம்பிவலையிலேர்ந்து ஆரம்பிக்கலாமா அண்ணா? வேற யாரையும் நம்பி என்னால நிக்க முடியாது. கை தவறினதை நீங்களும் மறந்துடுங்க, நானும் மறந்துட்டேன்."

யோசித்துப் பாருங்கள். என்னை மன்னிக்கிறாள். நான் செய்யாத ஒன்றுக்காக.

பன்னிரண்டு நாளாக வருகிறாள். முன்பு நான்கு மாதம் பிடித்தது, இந்த முறை பன்னிரண்டு நாளில் வந்துவிட்டது. உடம்பு மறப்பதில்லை. கண்ணாடியைக் கழற்றிவிட்டு, கம்பிக்கு ஒரு சாண் தள்ளி, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்கிறாள். இடது கண் எங்கேயோ பார்க்கிறது, வலது கண் பந்தைப் பார்க்கிறது. புது டப்பா ஒன்று இன்று காலை திறந்தேன். ஏன் என்று கேட்டால் எனக்குச் சரியாகச் சொல்லத் தெரியவில்லை, பழக்கமாக இருக்கலாம். புள்ளி வைக்க இன்னும் நேரம் கிடைக்கவில்லை.

ஒரே ஒரு குறை. இருபது பந்துக்கு ஒருமுறை இன்னும் சிமிட்டுகிறாள். அது எனக்குப் பொறுக்கவில்லை. இன்று அவளிடம் கேட்டேன், எதை நினைத்துப் பயப்படுகிறாய் என்று. உங்களை இல்லை அண்ணா, உங்கள் கை மறுபடி தவறிவிடுமோ என்றுதான் என்றாள். தவறவே தவறாது என்றேன். தவறியதென்றுதானே அறிக்கையில் போட்டிருக்கிறது என்றாள். அவள் மேல் தப்பில்லை, அச்சில் வந்ததை நம்பும் பிள்ளை. நேராக இங்கே வந்தேன்.

ஆக, வேண்டுமென்றே அடித்தேன், மேடம். குறி பார்த்து, காலை மாற்றி, புதுப் பந்தைத் தேர்ந்தெடுத்து அடித்தேன். எங்கே காட்டுகிறீர்களோ அங்கே கையெழுத்துப் போடுகிறேன். நீங்கள் ஏன் தொலைபேசியை எடுக்கிறீர்கள் என்று தெரியவில்லை, யாரை வேண்டுமானாலும் கூப்பிடுங்கள், எனக்கு அவசரம் இல்லை. ஆனால் முதலில் இதை அவளுக்கு ஒரு வரி விடாமல் வாசித்துக் காட்டுங்கள். என் கை தவறவில்லை என்று தெரிந்துவிட்டால் அந்தச் சிமிட்டலும் நின்றுவிடும், கம்பிவலை இனி வேண்டாம் அண்ணா என்று நாளைக் காலை அவளே வந்து சொல்வாள்.